கிழவிமூக்குக்குப் போகாத கடிதங்கள்

ஃபோய், கார்ன்வால்
4 அக்டோபர் 1807

அன்புத் தம்பி ஹானிபலுக்கு,

அக்கா தாமசின் எழுதுவது. நான் நலம், முழங்கால்கள் மட்டும் நலமில்லை. படியேறும்போது இரண்டும் ஒன்றையொன்று திட்டிக்கொள்கிற சத்தம் எனக்கே கேட்கிறது. உன் கீல்வாதம் எப்படி இருக்கிறது? ஒயினைக் குறைத்தாயா என்று கேட்க மாட்டேன். கேட்டால் நீ பொய் சொல்வாய், நான் நம்பியதுபோல நடிக்க வேண்டும். உனக்கு ஐம்பத்து நான்கு, எனக்கு அறுபத்து ஒன்று. இந்த வயதில் இது எதற்கு?

இந்த வருடம் மத்தி மீன் கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது. ஊரே நாறுகிறது, ஊரே சந்தோஷமாக இருக்கிறது. மீன் வாங்கப் போன இடத்தில்தான் உன்னைப் பற்றி ஒரு செய்தி கேட்டேன். கமடோராக நீ தலைமை தாங்கும் கப்பலிலிருந்து திரும்பி வந்த மாலுமி ஒருவன் கூடைக்காரிகளிடம் சொல்லிக்கொண்டிருந்தான்:

"ஆகஸ்ட் மாசம், காலையில மூடுபனி. முன்னாடி நிக்கிறவன் மூஞ்சி தெரியல. கமடோர் 'நேரா போ'ங்கிறாரு. நம்ம பக்கத்து லெப்டினன்ட் ரோஸ்வார்ன், 'ஐயா, ஆழம் கொறையுது'ன்னு ரெண்டு தடவ சொன்னாரு. மூணாவது தடவ சொல்லல, சுக்கானைப் பிடிச்சுத் திருப்பிட்டாரு. கல்லெறியுற தூரத்துல பாறை போச்சு! நாங்க முந்நூறு பேரும் தொப்பியத் தூக்கிப் போட்டுக் கத்துனோம், ரோஸ்வார்ன் வாழ்கன்னு!"

இதை ஏனடா எனக்கு எழுதவில்லை? என் தம்பியை எனக்கு மிச்சம் வைத்த மனிதருக்கு ஒரு ஜோடி காலுறையாவது பின்னி அனுப்பியிருப்பேனே. அவர் எப்படி இருக்கிறார்?

மாடி அறையில் ஒரு பெண்ணைக் குடிவைத்திருக்கிறேன். இருபத்து மூன்று வயது, கடல்காரர் மனைவி. கணவர் கப்பலேறிய பிறகுதான் பிள்ளை உண்டானது தெரிந்ததாம். பாவம், தனியாக இருந்தாள். எனக்குக் கண் மங்கிவிட்டதால் மாலையில் செய்தித்தாள் படித்துக் காட்டுகிறாள். பதிலுக்கு நான் அவளுக்குச் சமைத்துப் போடுகிறேன்.

காதில் பஞ்சு வைத்துக்கொள். ஹாலிஃபாக்ஸ் காற்று உனக்கு ஆகாது.

உன் அக்கா,
தாமசின்


ஹாலிஃபாக்ஸ், நோவா ஸ்கோஷியா
29 நவம்பர் 1807

என் அன்பு அக்காவுக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. இரண்டு முறை படித்தேன். ஒருமுறை செய்திக்காக, ஒருமுறை உன் திட்டுக்காக. உடம்பு பரவாயில்லை. இடது கால் கட்டைவிரல் மட்டும் தனி ராஜாங்கம் நடத்துகிறது. காதில் பஞ்சு வைத்திருக்கிறேன். அதனால் என் அதிகாரிகள் சொல்வது பாதி கேட்பதில்லை. நல்லதுதான்.

மீன்கடையில் கேட்டதையெல்லாம் நம்பாதே. மாலுமிக்கு ஒரு குவளை பீர் கிடைத்தால் பாறை பெரிதாகும், இரண்டு கிடைத்தால் பேசவும் செய்யும். அன்று கப்பலுக்கு ஒன்றும் ஆகவில்லை. கப்பல் என்னுடையது, கட்டளையும் என்னுடையது. அந்த ரோஸ்வார்னை இப்போது வேறு வேலையில் போட்டிருக்கிறேன். துறைமுகத்துக்கு வெளியே ஒரு பாறைத் தீவு இருக்கிறது, கிழவிமூக்கு என்பார்கள். அங்கே ஒரு கொடிக்கம்பம், ஒரு குடிசை, நான்கு ஆட்கள். வருகிற கப்பலைப் பார்த்துக் கொடி ஏற்ற வேண்டும். கூர்மையான கண் உள்ளவனாயிற்றே, பார்த்துக்கொண்டிருக்கட்டும். காலுறை ஒன்றும் வேண்டாம்.

இத்துடன் ஒரு பெட்டி மேப்பிள் சர்க்கரை அனுப்பியிருக்கிறேன். மரத்திலிருந்து எடுக்கிறார்கள், நாக்கில் வைத்தால் கரைகிறது. உன் மாடிவீட்டுப் பெண்ணின் குழந்தைக்குக் கடல்நாய்த் தோலில் ஒரு குல்லா தைக்கச் சொன்னேன். தையல்காரர், "என்ன அளவு ஐயா?" என்று கேட்டார். எனக்கென்ன தெரியும்? ஓர் ஆரஞ்சுப் பழத்தைக் காட்டி, இதைவிடக் கொஞ்சம் பெரிதாக என்றேன். சரியாக இருக்குமா? அந்தப் பெண் யார்? கணவர் எந்தக் கப்பல்? அவள் உன்னை நன்றாகப் பார்த்துக்கொண்டால் அவருக்கு என்னால் ஏதாவது செய்ய முடியும்.

படியேறாதே. கீழ் அறையிலேயே படு.

உன் தம்பி,
ஹானிபல்


ஃபோய்
20 ஜனவரி 1808

அன்புத் தம்பிக்கு,

சர்க்கரை வந்தது, குல்லாவும் வந்தது. நீ எப்படி இருக்கிறாய்? பனி அதிகம் என்று கேள்விப்பட்டேன். இங்கே மழைதான். கூரையில் ஒழுகுகிற இடத்தில் ஒரு சட்டி வைத்திருக்கிறேன்.

சர்க்கரையில் பாதியை மாடிவீட்டுப் பெண் தின்று தீர்த்தாள். குல்லாவைக் கையில் எடுத்ததும் அழுதாள். வயிற்றுப்பிள்ளைக்காரி, எதற்கெடுத்தாலும் அழுவாள் என்று விட்டுவிட்டேன். இன்னும் இரண்டு வாரத்தில் பிள்ளை பிறந்துவிடும் என்கிறாள் மருத்துவச்சி.

ஒரு விஷயம் கேட்கிறேன். உனக்குக் கீழே வேலை செய்கிற ஒருவருடைய மனைவி இந்த ஊரில் இருக்கிறாள். வாரம் தவறாமல் கணவருக்கு எழுதுகிறாள். கப்பல் போனதிலிருந்து அவளுக்கு ஒரு வரிகூட வரவில்லை. ஒவ்வொரு தபால் நாளும் துறைக்குப் போய்ப் பையைக் கவிழ்க்கும்வரை நின்று பார்த்துவிட்டு வருகிறாள். உன் கடிதம் எனக்கு வருகிறது, உன் கப்பல் தச்சரின் கடிதம் அவர் மனைவிக்கு வருகிறது. அவருடையது மட்டும் ஏன் வரவில்லை? கிழவிமூக்கில் இருக்கிறவர்களுக்குத் தபால் போகிறதா? கொஞ்சம் விசாரித்துச் சொல்.

உனக்கு ஒன்பது வயதில் படகுப் போட்டியில் உன்னை ஜெயித்த செருப்புக்காரர் மகன் நினைவிருக்கிறதா? நீ சிரித்துக்கொண்டே கைகொடுத்தாய். என்ன பெருந்தன்மை என்று அப்பா மெச்சினார். ஒரு வருடம் கழித்து அவன் படகின் அடியில் பதினொரு ஓட்டை போட்டிருந்தாய். யார் போட்டது என்று எனக்கு மட்டும்தான் தெரியும். உன் சட்டைப் பையில் மரத்தூள் இருந்தது. நான்தான் துவைத்தேன். இப்போது ஏன் அது நினைவுக்கு வந்தது என்று தெரியவில்லை.

சூடாகச் சாப்பிடு.

தாமசின்


ஹாலிஃபாக்ஸ்
12 மார்ச் 1808

அன்பு அக்காவுக்கு,

நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும். உன் முழங்காலுக்கு இங்கே ஒரு பழங்குடிக் கிழவி காய்ச்சிய தைலம் அனுப்புகிறேன். நாற்றம் தாங்காது, ஆனால் என் கட்டைவிரலே அடங்கிவிட்டது. இரண்டு வேளை தேய். தேய்த்துவிட்டுத் துணி சுற்று. மறக்காதே.

தபால் விஷயம். குளிர்காலத்தில் பனிக்கட்டியால் படகு போக முடிவதில்லை. அரசரின் கப்பல்களில் யாருக்கு எப்போது என்ன போய்ச் சேர வேண்டும் என்பது என் பொறுப்பு. ஊர்ப் பெண்களின் அழுகையை நீ தலையில் ஏற்றிக்கொள்ளாதே. உனக்கு இளகிய மனது.

அந்த ரோஸ்வார்ன் மேல் வழக்கு. அன்று கப்பலைப் பார்த்துக்கொள்ளும் காவல்முறை அவனுடையது, கவனக்குறைவால் கப்பலைப் பாறைக்கு அருகே கொண்டுபோனான், பிறகு உத்தரவின்றிச் சுக்கானைத் தொட்டான் என்று பதிவேட்டில் எழுதித் தலைமையகத்துக்கும் அனுப்பிவிட்டேன். கோடையில் விசாரணை. பதவி போகும். இனிமேல் யாரும் கமடோர் பேசும்போது குறுக்கே பேச மாட்டார்கள்.

போன வாரம் ஆளுநர் மாளிகையில் விருந்து. பொரித்த வாத்து என் தட்டிலிருந்து வழுக்கி ஒரு பாதிரியாரின் மடியில் போய் உட்கார்ந்தது. அவர் அதற்கும் சேர்த்து ஜெபம் சொன்னார். நீ இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். யாரோடும் சிரிக்க முடிவதில்லை இங்கே.

பிள்ளை பிறந்ததா? குல்லா பொருந்தியதா?

ஹானிபல்


ஃபோய்
22 ஏப்ரல் 1808

கமடோர் கார்வெத் அவர்களுக்கு,

நலம் விசாரிக்க இன்று கை வரவில்லை.

பெண் குழந்தை. பிப்ரவரி மூன்றாம் தேதி பிறந்தது. பெயர் ஃபிலிப்பா. குல்லா பெரிதாக இருக்கிறது, அக்டோபருக்குச் சரியாக இருக்கும் என்று எடுத்து வைத்திருக்கிறோம். குழந்தையின் அம்மா பெயரை இப்போது சொல்கிறேன். லவ்டே ரோஸ்வார்ன்.

போன செப்டம்பரில் அவளாகத்தான் என் கதவைத் தட்டினாள். "நீங்க கமடோரோட அக்காவாமே. அவரு கப்பல்லதான் எங்க வீட்டுக்காரர் இருக்காரு. உங்களுக்குக் கடுதாசி வந்தா, அதுல அவரப் பத்தி ஒரு வார்த்தை இருந்தா சொல்றீங்களாம்மா?" என்று கேட்டாள். வாசலில் மழை. உள்ளே கூப்பிட்டேன். அவ்வளவுதான். உன்னிடம் ஏன் மறைத்தேன் என்றால், அவரைப் பற்றி நீயாக என்ன எழுதுவாய் என்று பார்க்க நினைத்தேன். பார்த்துவிட்டேன்.

உன் கடிதம் வந்த அதே கப்பலில் உன் எழுத்தர் ஹெக்ஸ்ட் கை முறிந்து ஊர் திரும்பியிருக்கிறார். தைலத்தை அவர்தான் கொண்டுவந்து கொடுத்தார். தேநீர் கொடுத்து உட்கார வைத்தேன். மாடியில் குழந்தை அழுதது.

"யாரோட கொழந்தைம்மா?" என்றார்.

"லெப்டினன்ட் ரோஸ்வார்னோட பொண்ணு."

கோப்பையை அப்படியே கீழே வைத்துவிட்டார். "அம்மா, அவருக்குக் கொழந்த இருக்குன்னே அவருக்குத் தெரியாதே" என்றார்.

"ஏன் தெரியாது? அவ அம்பது தடவ எழுதியிருக்காளே."

"வந்துச்சும்மா. எல்லாம் வந்துச்சு. கமடோர் மேசையில எடது பக்க இழுப்பறையில இருக்கு. அவரு எழுதுனதும் அதுலதான் இருக்கு. என்னைய எதுவும் கேக்காதீங்க. எனக்கு வேலை போயிரும்."

இழுப்பறை என்கிறாரே, ஹானிபல். அப்பாவின் மேசைதானே அது? கப்பலேறும்போது நான் மெழுகு தேய்த்துக் கொடுத்தேன்.

அம்மா போனபோது உனக்கு மூன்று வயது, எனக்குப் பத்து. உனக்குச் சோறு ஊட்டினேன், எழுத்து சொல்லிக்கொடுத்தேன், பேன் பார்த்தேன். பழிவாங்காதே என்றும் சொல்லிக் கொடுத்ததாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த மரத்தூளைப் பார்த்த அன்றே அப்பாவிடம் சொல்லியிருக்க வேண்டும். என் தம்பிக்கு அடி விழக்கூடாது என்று மறைத்தேன். அதில் என் தப்பும் இருக்கிறது.

இத்துடன் லவ்டே எழுதிய கடிதம் ஒன்றை உள்ளே வைத்திருக்கிறேன். ஆளிடம் கொடுத்தனுப்பாதே. உன் கையால் அவர் கையில் கொடு. இந்த உதவி மட்டும் செய்.

தாமசின் கார்வெத்


ஃபோய்
30 ஜூன் 1808

தம்பிக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. உடம்புக்கு ஏதும் இல்லையே?

லவ்டேயிடம் சொல்லிவிட்டேன். ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டு இதை எத்தனை நாள் மறைப்பது? அவள் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். நான் சொல்லி முடிக்கும்வரை கை நிற்கவில்லை. பிறகு கையைக் கழுவிவிட்டு மேலே போனாள். பெட்டியில் துணி வைக்கிற சத்தம் கேட்டது. குழந்தையை இடுப்பிலும் பெட்டியைக் கையிலுமாகக் கீழே வந்து வாசல்வரை போனாள். அங்கேயே நின்றுவிட்டாள்.

"எங்க போற?" என்றேன்.

"தெரியலம்மா."

"அப்ப எதுக்குப் போற?"

அவள் பெட்டியைக் கீழே வைத்தாள். "நீங்க எனக்கு ஒண்ணும் பண்ணலயே. செஞ்சது அவரு. நான் ஏன் உங்கள விட்டுட்டுப் போகணும்?" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து அழுதாள். நானும் அழுதேன். எங்கள் இருவரையும் பார்த்து ஃபிலிப்பாவும் அழுதாள். அடுப்பில் முதலில் வைத்திருந்த ரொட்டி கருகிப்போனது.

தன்னை மறந்துவிட்டாரா என்று தெரியாமல் ஒரு வருடம் இருந்தவள் அவள். இப்போது அவர் எழுதிக்கொண்டுதான் இருந்தார் என்று தெரியும். அந்த ஒன்றுக்காக எனக்கு நன்றி சொல்கிறாள். எனக்குத்தான் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

தைலம் தேய்க்கிறேன். வலி குறைந்திருக்கிறது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

தாமசின்


ஃபோய்
12 ஆகஸ்ட் 1808

தம்பி,

இரண்டு தபால் வந்துவிட்டது. உன் கடிதம் இல்லை. நீ உயிரோடு இருக்கிறாயா? கோபமாக இருந்தால் கோபமாக இருக்கிறேன் என்றாவது எழுது. லவ்டே துறைக்குப் போகும்போது இப்போது நானும் கூடப் போகிறேன். பையைக் கவிழ்க்கும்வரை நிற்பது எப்படி இருக்கும் என்று தெரிந்துகொண்டேன்.

அக்கா


ஹாலிஃபாக்ஸ்
19 ஆகஸ்ட் 1808

அக்காவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் ஏப்ரல் கடிதம் ஜூன் ஏழாம் தேதி வந்தது. 'கமடோர் கார்வெத் அவர்களுக்கு' என்று நீ எழுதியிருந்தாய். அந்த வரியைத் தாண்டிப் படிக்க எனக்கு இரண்டு நாள் ஆனது.

நடந்ததைச் சொல்கிறேன். மூடுபனி நாளுக்கு மறுநாள்தான் தபால் கப்பல் வந்தது. பையில் மேலாக இருந்தது அவன் பெயர். முந்நூறு பேர் கத்திய சத்தம் என் காதிலேயே இருந்தது. ஒரு வாரம் காக்க வைப்போம் என்று எடுத்து இழுப்பறையில் போட்டேன். அவ்வளவுதான் நினைத்தேன். ஒரு வாரம் கழித்துக் கொடுத்தால் ஏன் தாமதம் என்று கேட்பான். அதற்குள் இரண்டாவது வந்துவிட்டது. பிறகு அவன் எழுதியது வந்தது. ஒவ்வொன்று சேரச் சேரக் கொடுப்பது இன்னும் கஷ்டமானது. எதையும் பிரிக்கவில்லை. அதைப் பெருமையாகச் சொல்லவில்லை. பிரித்திருந்தால் குழந்தை வரப்போவது எனக்காவது தெரிந்திருக்கும்.

படகை இரண்டு முறை இறக்கச் சொன்னேன். இரண்டு முறையும் பாதி வழியில் திருப்பினேன். துடுப்புக்காரர்கள் கிழவருக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று பேசிக்கொண்டார்களாம். மூன்றாவது முறை, ஆகஸ்ட் எட்டாம் தேதி, போய்ச் சேர்ந்தேன்.

அவன் பாறையிலிருந்து இறங்கி வந்து தொப்பியைத் தொட்டான். தாடி வளர்ந்திருந்தது. "கொடியெல்லாம் ஒழுங்கா இருக்குங்க ஐயா. சோதனை போட வந்தீங்களா?" என்றான்.

"இல்ல. தபால் கொண்டாந்தேன்."

அவன் என் பின்னால் தபால்காரனைத் தேடினான். நான் கடிதக் கட்டை நீட்டினேன். உன் உறையில் வந்தது மேலே, மற்றவை கீழே. ஒவ்வொன்றாகத் திருப்பித் தேதியைப் பார்த்தான்.

"இது போன வருஷம் எழுதுனது."

"ஆமா."

"ஒரு வருஷமா யாருகிட்ட இருந்துச்சு?"

"எங்கிட்ட."

"நான் எழுதுனது?"

"அதுவும் எங்கிட்டதான்."

கத்துவான் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். "ஏன்?" என்று மட்டும் கேட்டான். படகில் வரும்போது நல்ல பதில்களாக நாலைந்து யோசித்து வைத்திருந்தேன். எல்லாவற்றையும் விட்டுவிட்டேன்.

"அன்னைக்கு அவங்க எல்லாரும் உனக்காகக் கத்துனாங்க" என்றேன்.

"அதுக்காகவா?"

"அதுக்காகத்தான்."

கடிதங்களை மறுபடி அடுக்கிக் கையில் எடுத்துக்கொண்டான். பிறகு, "கொஞ்சம் அந்தப் பக்கம் போறீங்களாய்யா? நான் படிக்கணும்" என்றான். ஒரு லெப்டினன்ட் என்னை அந்தப் பக்கம் போகச் சொன்னது இதுதான் முதல் தடவை. போனேன். கடற்பறவை எச்சத்துக்கு நடுவே ஒரு பாறையில் உட்கார்ந்தேன்.

ஒரு மணி நேரம் இருக்கும். குடிசையிலிருந்து ஒரு சத்தம். அழுகிறான் என்று நினைத்து எழுந்தேன். இல்லை. வெளியே ஓடிவந்து தன் நான்கு ஆட்களையும் கூப்பிட்டான். "டேய்! எனக்குப் பொண்ணு பொறந்திருக்காடா! பிப்ரவரியிலயே பொறந்துட்டாடா!" அந்த நான்கு பேரும் அவனைத் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். ஒருவன் கொடிகளை எல்லாம் மொத்தமாக ஏற்றிவிட்டான். துறைமுகத்தில் என்ன நினைத்தார்களோ! அறுபது அடி தள்ளி நான் உட்கார்ந்திருந்தேன். என்னை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட என்ன இருக்கிறது?

பிறகு வந்து, "நான் எப்ப போகலாம்?" என்றான்.

"இப்பவே. என் படகுலயே வா."

"உங்க படகு வேணாங்கய்யா. நாளைக்குத் தண்ணி கொண்டு வர்ற படகு வரும். அதுல வர்றேன்."

அப்படியே வந்தான். அடுத்த கப்பலில் ஊருக்கு அனுப்புகிறேன். அவன் அவளுக்கு எழுதிய பத்தொன்பதையும் இத்துடன் கட்டி அனுப்புகிறேன். முத்திரை உடையாமல் இருக்கிறது. அவள் கையில் கொடு.

அன்று காவல்முறை அவனுடையதல்ல, கட்டளையிட்டது நான், பதிவேட்டில் எழுதியது பொய் என்று தலைமையகத்துக்கு எழுதிவிட்டேன். நகல் எடுக்கும்போது புது எழுத்தர் இரண்டு முறை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "எழுதியிருக்கிறபடியே எடுங்க" என்றேன். இதற்குமேல் எனக்குப் பதவி உயர்வு இல்லை. இருப்பதும் நிலைக்காது.

ஒன்று மட்டும். அவனை எனக்கு இன்னும் பிடிக்கவில்லை. உன்னிடம் இனி எதையும் மறைக்கப் போவதில்லை என்பதால் இதையும் சொல்கிறேன்.

என்னைப் பழையபடி தம்பி என்று எழுதுவாயா?

ஹானிபல்


ஃபோய்
16 நவம்பர் 1808

அன்புத் தம்பி ஹானிபலுக்கு,

நலமாக இருக்கிறாயா? நான் நலம். முழங்கால்கள் இப்போது சமாதானமாக இருக்கின்றன.

செப்டம்பர் இறுதியில் உன் கட்டு வந்தது. லவ்டே பத்தொன்பதையும் மேசையில் தேதிவாரியாக அடுக்கினாள். ஒரு நாளைக்கு ஒன்று என்று வைத்துப் படித்தாள். "எல்லாத்தையும் இன்னைக்கே படிச்சா நாளைக்கு என்ன பண்றது?" என்றாள். தாமதமாக வந்தாலும் தபால் வருகிற சுகத்தை அவள் விடவில்லை. சில வரிகளை எனக்கும் படித்துக் காட்டினாள். ஒன்றிலும் உன்னைத் திட்டி ஒரு வார்த்தை இல்லை. 'உன் கடிதம் ஏன் வரவில்லை, என்மேல் கோபமா?' என்றுதான் கடைசி பத்துக் கடிதமும் முடிகிறது.

இந்த மாதம் ஒன்பதாம் தேதி அவள் கணவர் வந்து சேர்ந்தார். ஃபிலிப்பா அவர் தாடியைப் பார்த்து வீரிட்டு அழுதாள். உடனே கிணற்றடிக்குப் போய் மழித்துக்கொண்டு வந்தார். மறுபடி அழுதாள். மூன்றாம் நாள்தான் மடிக்குப் போனாள். அன்று முழுக்க அவர் எழுந்திருக்கவே இல்லை, கால் மரத்துப்போனாலும்.

நீ திரும்பி வரக்கூடும் என்று நான் சொன்னேன். அவர் மரியாதையாகத்தான் பேசினார். "அம்மா, இந்த வீட்டுல நீங்க என் பொண்டாட்டிக்கும் கொழந்தைக்கும் செஞ்சத நான் மறக்க மாட்டேன். ஆனா அவரு வர்ற அன்னைக்கு நாங்க இங்க இருக்க மாட்டோம். அவரோட ஒரு மேசையில உக்காந்து என்னால சாப்பிட முடியாது" என்றார்.

மன்னித்துவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்க எனக்கு உரிமை இல்லை, உனக்கும் இல்லை. கடற்படை வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறார். பிரிஸ்டலில் அவர் மாமா வணிகக் கப்பல் ஓட்டுகிறார். மார்ச் நடுவில் மூவரும் அங்கே போகிறார்கள். அதுவரை நீ வராதே. எனக்கு இதை எழுதக் கஷ்டமாக இருக்கிறது. ஆனாலும் வராதே.

அதன் பிறகு வா. உன் மெத்தையை வெயிலில் போட்டு வைக்கிறேன்.

உன் அக்கா,
தாமசின்


நங்கூரம் விடுதி, ஃபோய் துறை
18 மார்ச் 1809

அக்கா,

நலம். நீயும் நலம்தானே? மேலே உன் புகைபோக்கியிலிருந்து புகை வருவது இங்கிருந்தே தெரிகிறது.

என்னைப் பதவியிலிருந்து எடுத்துவிட்டார்கள். அரைச் சம்பளம், இனிக் கப்பல் இல்லை. பிளிமத்தில் இறங்கி, அவர்கள் போயிருப்பார்கள் என்று கணக்குப் போட்டு இன்று காலை இங்கே வந்தேன். கணக்கு தப்பிவிட்டது. விடுதியை விட்டு வெளியே வந்தேன். எதிரே பிரிஸ்டல் போகிற படகில் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவர் தோளில் குழந்தை. ஆறு அடி தூரம். ஒளிய இடமில்லை, ஒளியவும் தோன்றவில்லை.

எனக்குக் கீழே இருந்த ஒருவருக்கு நான் முதலில் தொப்பியை எடுத்ததே இல்லை. இன்று எடுத்தேன். அவர் பார்த்தார். பதிலுக்குத் தொப்பியைத் தொடவில்லை.

அந்தப் பெண், "யாருங்க அது?" என்று கேட்டாள். நான் சாதாரண உடையில் இருந்தேன்.

"பழைய கப்பல்ல தெரிஞ்சவரு" என்றார். அவ்வளவுதான் சொன்னார். சொல்லியிருக்கலாம், என் பெயரைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவள் எனக்குத் தலை வணங்கி, "உடம்பப் பாத்துக்கங்க ஐயா, காத்து அதிகமா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் படகில் ஏறினாள்.

படகு முனையைத் தாண்டிப் போகும்வரை நின்றேன். பிறகு இங்கே வந்து உட்கார்ந்தேன். இரண்டு மணி நேரம் ஆகிறது. குன்று ஏறி வரக் கால் இருக்கிறது, தைரியம்தான் இல்லை. இந்தச் சீட்டை விடுதிப் பணிப்பெண்ணிடம் கொடுத்தனுப்புகிறேன். நான் வரலாமா?

ஹானிபல்


(அதே தாளின் பின்புறத்தில்)

தம்பி,

பத்து நிமிட நடைக்கு யாராவது கடிதம் எழுதுவார்களா? கோழி வெந்துவிட்டது. ஆறுவதற்குள் வா.

அக்கா